ரேஸ் கோர்ஸ் 10 கிமீ நேர ஓட்டம்: அளவு, சுற்றுக் கணக்கு, தண்ணி மேசை

ஒருங்கிணைப்பு_மேசை

எல்லாருக்கும் வணக்கமுங்க. மார்ச் இரண்டாம் ஞாயிறு கோவை ரேஸ் கோர்ஸ்ல நம்ம குழுவோட 10 கிமீ நேர ஓட்டம். நாலு சுற்று. 5:15-க்கு எண் அட்டை கொடுக்கறோம், 5:45-க்கு தொடக்கம். 120 பேரோட பதிவை மூடியாச்சு, தயவுசெஞ்சு சிபாரிசு வேண்டாம். மெடல், டி-ஷர்ட் கிடையாது. ஓடின நேரம் சரியா வரும், அவ்வளவுதான் வாக்கு.

போன முறை அந்த வாக்கே காப்பாத்தப்படலை. மூணு சுற்றோட முடிவுக்கோட்டுக்குள்ள வந்தவங்களும் இருந்தாங்க, அஞ்சாவது சுற்று ஓடினவங்களும் இருந்தாங்க. ஜிபிஎஸ் கடிகாரம் பார்த்தவங்க ஆளாளுக்கு 10.12 கிமீ, 10.2 கிமீன்னு சொன்னாங்க. இந்த முறை என்ன மாத்தணும்னு இங்கேயே பேசி முடிச்சுக்கலாம். வாட்ஸ்அப்ல பேசினா காலை வணக்கப் படங்களுக்கு அடியில புதைஞ்சு போகுது.

வேற செய்தி ரெண்டு. புதுசா ஓட வர்றவங்களுக்கான எட்டு வார ஓட்டம்-நடை வகுப்பு ஏப்ரல் முதல் திங்கள்ல தொடங்குது. செவ்வாய்க்கிழமை வேகப் பயிற்சி, தடம் கிடைக்கிற வாரங்கள்ல நேரு ஸ்டேடியத்துல. கிடைக்காத வாரம் ரேஸ் கோர்ஸ்லயே.

சங்கிலி_அளவு

தூரத்துல இருந்து ஆரம்பிக்கலாம். "ரேஸ் கோர்ஸ் ஒரு சுற்று ரெண்டரை"ன்னு ஊரே சொல்லுது, ஆனா எந்தக் கோட்டுல ஓடினா ரெண்டரை? சாலையோட உள் ஓரத்துல ஓடறவருக்கும், அதே சாலையில 3 மீட்டர் வெளியே தள்ளி ஓடறவருக்கும் ஒரு சுற்றுக்கு 18.85 மீ வித்தியாசம். நாலு சுற்றுக்கு 75 மீ. சுற்றோட வடிவம் முட்டையா இருந்தாலும் சரி, சதுரமா இருந்தாலும் சரி, கணக்கு மாறாது. ஒரு முழுச் சுற்று திரும்பினா தள்ளிப் போன தூரத்தை 2π-யால பெருக்கணும், அவ்வளவுதான். 10 மீ வெளியே இருக்கிற நடைபாதையில ஓடினா நாலு சுற்றுக்கு கால் கிலோமீட்டரே கூடிரும்.

அதனால முதல் முடிவு: எந்தக் கோட்டை அளக்கறோம்னு எழுதி வைக்கணும். சாலைப் பந்தயத்துக்கு உலகம் முழுக்க ஒரே விதிதான். ஓடறவர் போகக்கூடிய மிகக் குறுகிய வழி, வளைவுல ஓரக்கல்லுல இருந்து 30 செமீ தள்ளி. வளைவு மாறுற இடத்துல ஒரு ஓரத்துல இருந்து இன்னொரு ஓரத்துக்கு நேர்கோடா போகணும்.

பீளமேடு_விடியல்

கடிகாரத்துல பத்து பேர் ஓடின சராசரி எடுத்தா போதாதுங்களா? இதுக்குப் போய் இவ்வளவு மெனக்கெடணுமா?

சங்கிலி_அளவு

போதாதுங்க. கடிகாரம் செயற்கைக்கோள் வழியா நம்ம இடத்தைப் புள்ளி புள்ளியாக் குறிக்குது. ஒவ்வொரு புள்ளியும் சில மீட்டர் அங்கே இங்கே விழும். கடிகாரம் அந்தப் புள்ளிகளைக் கோடு போட்டு இணைக்கும். நேரா ஓடினவரோட பாதை கொஞ்சம் கோணல்மாணலா பதிவாகும். கோணல் எப்பவும் நேர்கோட்டை விட நீளம், அதனால பிழை ரெண்டு பக்கமும் சமமா விழறதில்லை, கூடுற பக்கமே சாயும். பத்து பேர் சராசரி எடுத்தாலும் அந்தச் சாய்வு அப்படியே இருக்கும். ரேஸ் கோர்ஸ்ல மரக்கூரை வேற சிக்னலைக் கெடுக்கும். அதோட ஆள் குறுகிய கோட்டுல ஓடறதும் இல்லை. முன்னாடி போறவரைத் தாண்ட வெளியே வந்து, திரும்ப உள்ளே போறார். சரியா அளந்த 10 கிமீ கடிகாரத்துல 10.1, 10.15-ன்னு காட்டறதுதான் இயல்பு. கடிகாரம் சரியா 10.00 காட்டற மாதிரி பாதையை வெட்டினா, பாதை குறையுதுன்னு அர்த்தம்.

சரியான வழி அளவுத்திருத்தம் செஞ்ச சைக்கிள். முன் சக்கர அச்சுல ஜோன்ஸ் கவுண்டர்னு ஒரு சின்ன எண்ணி மாட்டுவாங்க. அமெரிக்காவுல 1971-ல ஆலன் ஜோன்ஸும் அவரோட மகனும் செஞ்சது. இப்ப வர்ற மாதிரிகள் சக்கரம் ஒரு சுற்று சுத்தினா 23.6 எண்ணிக்கைக்கு மேல காட்டும். அதாவது ஒரு எண் கிட்டத்தட்ட 9 செமீ.

செய்முறை இப்படி:

நேரான, போக்குவரத்து குறைஞ்ச தெருவுல 300 மீட்டரை ஸ்டீல் டேப்பால அளந்து ரெண்டு முனையிலும் ஆணி அடிக்கணும். 50 மீ டேப்புன்னா ஆறு நீட்டம். துணி டேப், ஃபைபர் டேப் ஆகாது, இழுத்தா நீளும். ஸ்பிரிங் தராசு கொக்கியை மாட்டி 5 கிலோ இழுப்புல பிடிக்கணும். ஒவ்வொரு நீட்டத்தோட முனையிலும் தரையில மாஸ்கிங் டேப் ஒட்டி அது மேல பேனாக் கோடு. சாக்பீஸ் கோடே ஒரு செமீ தடிமன் வரும். ஸ்டீல் டேப்பு 20 டிகிரிக்குச் சரி பார்த்தது. 30 டிகிரில 300 மீட்டருக்கு 3.5 செமீ நீண்டிருக்கும், அதைக் கணக்குல சேர்க்கணும்.

அந்த 300 மீட்டரை சைக்கிள்ல நாலு தரம் ஓட்டி எண்ணிக்கையை எழுதணும். சராசரி 3,369 வந்ததுன்னு வைங்க. கிலோமீட்டருக்கு 11,230. இதை 1.001-ஆல பெருக்கினா 11,241. அந்த ஆயிரத்துல ஒண்ணு எதுக்குன்னா, அளவுப் பிழை எந்தப் பக்கம் போனாலும் பாதை 10 கிமீக்குக் குறையக் கூடாது. நாம போடற 10 கிமீ, அந்த அளவுல 10,010 மீ.

அப்புறம் பாதையை அளக்கணும். முடிஞ்சதும் திரும்ப அதே 300 மீட்டர்ல நாலு தரம். வெயில் ஏறினா டயர் காத்து விரிஞ்சு சக்கரம் பெருசாகும், எண்ணிக்கை குறையும், 3,366 வரலாம். ரெண்டுல பெருசு எதுவோ அதை அன்னைக்குக் கணக்கா எடுத்துக்கலாம்.

ராமநாதபுரம்_சைக்கிள்

இதுல ரெண்டு சேர்க்கணும். காத்தை முந்தின நாளே அடிச்சு வைக்கணும். அளக்கப் போற காலையில பம்ப் அடிச்சா டயர் சூடாகி, ஆறும்போது அளவு மாறும். அப்புறம் கோட்டுல நிக்கும்போது முன் பிரேக்கைப் பிடிச்சு சக்கரத்தைப் பூட்டிட்டுத்தான் எண்ணைப் படிக்கணும். பின்னாடி ஒரு சாண் உருண்டாலும் எண்ணி கூடவே பின்னால போகும், ஆனா நீங்க எழுதின எண் மாறாது.

சாதாரண சைக்கிள் கம்ப்யூட்டர் 0.01 கிமீ, அதாவது 10 மீ வரைக்கும்தான் காட்டும். ஒப்பந்தக்காரங்க கையில தள்ளிட்டுப் போற அளவுச் சக்கரம் மேடுபள்ளத்துல குலுங்கி, வளைஞ்சு வளைஞ்சு போய் தூரத்தைக் கூட்டிக் காட்டும். அதை நம்பிக் கோடு போட்டா பாதை குறைஞ்சிரும்.

எண்ணி கிடைக்கலைன்னா? ஒரே ஒரு சுற்றுதானுங்களே, ஸ்டீல் டேப்பாலயே அளந்திரலாம். 50 நீட்டம், மூணு பேர், விடியக்காலை நாலு மணிக்கு ஆரம்பிச்சா வண்டி வர்றதுக்குள்ள முடியும். வளைவுல 50 மீட்டரை ஒரே இழுப்பா இழுக்காதீங்க, நாண் போட்ட மாதிரி உள்ளே வெட்டிரும். 5 மீ, 5 மீ-ஆ பிடிக்கணும்.

ஒருங்கிணைப்பு_மேசை

டேப்பே போட்டுக்கலாம். எண்ணி வாங்கறதை டிசம்பர் கோவை மாரத்தானுக்கு முன்னாடி நடத்தற நீளப் பயிற்சி ஓட்டத்தப்போ பார்த்துக்கலாம். சுற்று சரியா 2,500 வரலைன்னா தொடக்கத்தை நகர்த்தணுமா, முடிவை நகர்த்தணுமா?

சங்கிலி_அளவு

தொடக்கத்தை. முடிவுக்கோடு எங்கே வசதியோ அங்கேயே இருக்கட்டும்; தெருவிளக்கு, மேசை, டோக்கன் வரிசைக்கு இடம் எல்லாம் அங்கே வேணும். உதாரணத்துக்கு சுற்று 2,480 வந்தா நாலு சுற்று 9,920. வேண்டியது 10,010. மீதி 90 மீட்டருக்கு முடிவுக்கோட்டுல இருந்து பின்னாடி போய் தொடக்கக்கோடு. சுற்று 2,510-க்கு வந்தா 30 மீ முன்னாடி.

பெயிண்ட் அடிச்சா அடுத்த தார் போடற வரைக்கும்தான். வாஷர் மாட்டின கான்கிரீட் ஆணி அடிச்சு, பக்கத்து விளக்குக் கம்பத்துல இருந்து எத்தனை மீட்டர் எத்தனை செமீன்னு எழுதி வைங்க. ஆணி புதைஞ்சாலும் கோட்டைத் திரும்பக் கண்டுபிடிக்கலாம்.

இடஞ்சுழியா ஓடலாம். சாலையோட இடது ஓரமும் சுற்றோட உள் ஓரமும் ஒண்ணா வரும். வலஞ்சுழியா ஓடினா இடது ஓரம் வெளி ஓரமாயிரும், அப்ப ஒவ்வொருத்தரும் உள்ளே வெட்டத்தான் பார்ப்பாங்க, எதிர்ல வண்டி.

முடிவுக்கோடு

தூரம் ஆச்சு. இப்ப நம்மளைக் கவுத்தின விஷயத்துக்கு வரலாம்.

வேகமான ஆள் 36 நிமிஷம்னு வைங்க, சுற்றுக்கு 9 நிமிஷம். கடைசி ஆள் 80 நிமிஷம், சுற்றுக்கு 20. தொடங்கி 16 நிமிஷம் 22 விநாடியில முதல் ஆள் கடைசி ஆளை ஒரு சுற்று தாண்டிருவார். 36-வது நிமிஷம் அவர் முடிக்கும்போது கடைசி ஆள் ரெண்டாவது சுற்றுலயே இருக்கார். அந்த நேரம் முடிவுக்கோட்டுக்கு வர்ற பத்து பேர்ல ஒருத்தர் முடிக்கிறார், மத்தவங்க அடுத்த சுற்றுக்குப் போறாங்க. எல்லாரும் ஒரே வாசல்ல நுழைஞ்சா நேரம் பிடிக்கிறவர் யாருக்கு அழுத்தறது?

அதனால கோட்டுக்கு 40 மீ முன்னாடியே பாதையை ரெண்டாப் பிரிக்கணும். இடது பக்கம் "இன்னும் சுற்று இருக்கு", வலது பக்கம் "முடிஞ்சது". நடுவுல கூம்பும் கயிறும். பலகை ரெண்டும் தலைக்கு மேல உயரத்துல இருக்கணும். இடுப்பு உயரத்துல வெச்சா முன்னாடி ஓடறவர் முதுகுதான் தெரியும். இருட்டுல எழுத்து தெரியாது, ஒரு டார்ச்சை மேலே கட்டுங்க.

யார் எந்தப் பக்கம்னு ஓடறவரே தெரிஞ்சுக்க ரப்பர் பேண்ட். ஒவ்வொரு சுற்று முடிவுலயும் ஒண்ணு, கையில மாட்டிக்கணும். மூணு இருந்தா வலது பக்கம். 120 பேருக்கு 360. கீழே விழும், அறுந்து போகும், 450 வாங்குங்க. சுற்றுக்கு ஒரு நிறம். மூணும் ஒரே நிறமா இருந்தா கணக்கு எண்ணணும், வேற வேற நிறமா இருந்தா பார்த்தாலே தெரியும்.

வடவள்ளி_வேகநடை

ரப்பர் பேண்ட் வாங்கறதுக்கு நின்னா நேரம் போகுமேங்க. 40 நிமிஷத்துக்குள்ள ஓடறவங்க கோவிச்சுக்குவாங்க.

முடிவுக்கோடு

நிக்க வேண்டாம். கொடுக்கறவர் விரல் நுனியில பேண்டை விரிச்சுப் பிடிச்சு, கையை நீட்டி, ஓடற திசையிலயே ரெண்டு அடி கூட நகரணும். ரிலேல தடியை மாத்திக்கிற மாதிரி. கொடுக்கறவர் நாலு பேர், 5 மீ இடைவெளியில. முதல் ஆள் கிட்ட தவறினா அடுத்தவர் கிட்ட.

பேண்டை மட்டும் நம்பவும் கூடாது. பக்கத்துல சுற்றுத்தாள். ஒருத்தர் எண் அட்டையைப் பார்த்துச் சத்தமாச் சொல்லணும், ஒருத்தர் வரிசையா எழுதணும். பேர் வேண்டாம், நேரம் வேண்டாம், எண் மட்டும். ஒவ்வொரு நிமிஷத்துக்கும் ஒரு குறுக்குக் கோடு. முதல் சுற்றுல 120 பேரும் 9-ல இருந்து 20 நிமிஷத்துக்குள்ள வர்றாங்க, நிமிஷத்துக்கு சராசரி 11 பேர். கூட்டம் சேர்ந்து வந்தா 20 வரைக்கும் போகும். சொல்றவர் ஃபோன்ல குரல் பதிவும் ஓடட்டும், எழுதறவர் தவறவிட்டா அப்புறம் கேட்டு நிரப்பலாம். எண் அட்டை நெஞ்சுல இருக்கணும். தொடையில, முதுகுல குத்தினா இருட்டுல படிக்க முடியாது.

சிப்பு_எங்கே

மன்னிக்கணும், இது எல்லாம் எதுக்கு? நேரம் பதியற சிப் வாடகைக்கு எடுத்தா சுற்றையும் அதுவே எண்ணிரும்.

முடிவுக்கோடு

எண்ணும், மறுக்கலை. ஆனா எண் அட்டைக்குப் பின்னாடி ஒட்டற அந்தச் சிப் தானா சக்தி இல்லாதது. தரையில போட்ட பாய் அனுப்பற அலையில இருந்துதான் சக்தி எடுத்துப் பதில் சொல்லும். அந்த அலையைத் தண்ணி உறிஞ்சிரும், உடம்பு பெரும்பகுதி தண்ணி. அட்டை வேர்வையில உடம்போட ஒட்டிக்கிட்டாலோ, மடிச்சுக் குத்தினாலோ, இடுப்புத் தண்ணிப் பட்டைக்குப் பின்னாடி போனாலோ பாய் படிக்காது. நாலு சுற்றுன்னா நாலு தரம் படிக்கணும். ஒரு தரம் விட்டுப் போனா மூணு சுற்று ஓடினவர்னு காட்டும். அதைச் சரி பார்க்க திரும்பவும் சுற்றுத்தாள்தான் வேணும். ஆயிரம் பேர் ஓடற இடத்துல சிப் இல்லாம முடியாது. 120 பேருக்கு கை போதும், மூணு தாள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போனா.

மூணு தாள் எதுன்னா: நேரப் பட்டியல், டோக்கன் பட்டியல், முடிவு வரிசையில எண் அட்டைப் பட்டியல்.

ஃபோன்ல ஸ்டாப்வாட்ச் ஆப் ரெண்டு பேர்கிட்ட. ஒரே குரலுக்கு ரெண்டு பேரும் தொடங்கணும். நெஞ்சு கோட்டைத் தாண்டும்போது ஒரு அழுத்து. கோட்டுக்குப் பின்னாடி ஒரு மீட்டர் அகலத்துல 25 மீ கயிறு வழி, ஒருத்தர் பின்னாடி ஒருத்தர்தான் போக முடியணும். அகலமா விட்டா வந்த வரிசை கலைஞ்சிரும். அதுக்கப்புறம் எந்தப் பட்டியலும் உதவாது. வழியோட கடைசியில 1, 2, 3-ன்னு எண் போட்ட டோக்கன். அந்த டோக்கனைக் கொண்டு போய் மேசையில எண் அட்டையோட சேர்த்துப் பதியணும். மூணாமவர் கயிறு ஓரமா நின்னு வந்த வரிசையில அட்டை எண்ணை எழுதிட்டே இருக்கணும்.

டோக்கன் கொடுக்கறவர் 25, 50, 75, 100 கொடுக்கும்போது கையைத் தூக்கணும். நேரம் பிடிக்கிறவர் அப்ப தன்னோட எண் என்னன்னு எழுதிக்கணும். எல்லாத்துலயும் முக்கியம் இதுதான். கடைசியில டோக்கன் 118, நேரம் 119-ன்னு வந்தா எங்கே தேடுவீங்க? 50-ல ரெண்டும் ஒத்து, 75-ல நேரம் 76 காட்டினா, தப்பு 51-க்கும் 75-க்கும் நடுவுல. அங்கே ரெண்டு நேரம் கால் விநாடி இடைவெளியில இருந்தா விரல் ரெட்டையா அழுத்தியிருக்கு, ஒண்ணை நீக்கிடலாம். அப்படி இல்லைன்னா நடைப்பயிற்சிக்கு வந்தவர் யாரோ கயிறுக்குள்ள நடந்து போயிருக்கார். ரேஸ் கோர்ஸ்ல இது நடக்காம இருந்தாத்தான் ஆச்சரியம்.

சிப்பு_எங்கே

சரிங்க, ஒத்துக்கறேன். ரெண்டாவது ஃபோன்ல நேரம் தொடங்கறது அரை விநாடி தள்ளிப் போனா?

முடிவுக்கோடு

பரவாயில்லை. அந்த அரை விநாடி கடைசி ஆள் வரைக்கும் மாறாம இருக்கும், கழிச்சுக்கலாம். ஃபோனை ஏரோபிளேன் மோடுல போடறதை மட்டும் மறக்காதீங்க. 41-வது நிமிஷத்துல சம்சாரம் கூப்பிட்டா ஆப் பின்னாடி போயிரும்.

தண்ணி_கேன்

தண்ணி மேசை. ஒரே மேசைதான், ஒவ்வொருத்தரும் நாலு தரம் தாண்டறாங்க, மூணு தரம் குடிப்பாங்கன்னு வைங்க. 120 × 3 × 150 மிலி = 54 லிட்டர். முடிச்சவங்களுக்கு ஆளுக்கு 300 மிலின்னா 36 லிட்டர். மொத்தம் 90. 20 லிட்டர் கேன் 5 எடுத்தா இழுத்துப் பறிச்சுப் போதும், 6 எடுங்க. தம்ளர் கழுவற தண்ணி தனி, அதுக்குக் குழாய்த் தண்ணி ரெண்டு ட்ரம்.

பேப்பர் கப் வேண்டாம். உள்ளே பிளாஸ்டிக் பூசின கப் 2019 ஜனவரி 1-ல இருந்து தமிழ்நாட்டுத் தடைப் பட்டியல்ல இருக்கு, தண்ணி பாக்கெட்டும் அதே பட்டியல்தான். மாநகராட்சிகிட்ட அனுமதி வாங்கிட்டு அதையே மீறக் கூடாது. பாத்திர வாடகைக் கடையில எவர்சில்வர் தம்ளர் 150. பாதி மட்டும் ஊத்தணும். முழுசா ஊத்தினா நெஞ்சுல கொட்டும், தரை வழுக்கும். ஓடிட்டே எவர்சில்வர்ல குடிக்க முடியாது, பத்து அடி நடக்கணும். 10 கிமீக்கு அது ஒண்ணும் நஷ்டம் இல்லை.

மேசையை முடிவுக்கோட்டுப் பக்கம் போடாதீங்க. அங்கே ஏற்கனவே பேண்ட், தாள், கயிறு எல்லாம் நெரிசல். சுற்றோட எதிர்ப்பக்கம், நேர்ச்சாலையில, வெளி ஓரம். தம்ளர் போடற கூடை மேசைக்குப் பக்கத்துல இல்லை, 30 மீ தள்ளி ஒண்ணு, 50 மீ தள்ளி ஒண்ணு. குடிச்சு முடிக்கிற இடம் அங்கேதான் வரும்.

பூ_மார்க்கெட்_வாசி

ஓஆர்எஸ் கலந்து வைக்கலாமுங்களா?

முதலுதவிக்_கூடை

10 கிமீக்கு அவசியமில்லைங்க, தண்ணி போதும். வைக்கறதா இருந்தா பாக்கெட்டைப் படிச்சுட்டுக் கலக்குங்க. 20.5 கிராம் பாக்கெட் ஒரு லிட்டருக்கு. 4 கிராம் சில்லறை பாக்கெட் 200 மிலிக்கு. பெரிய பாக்கெட்டை ஒரு தம்ளர்ல கரைச்சுக் கொடுத்தா உப்பு அஞ்சு மடங்கு, குடிச்சவர் வாந்தி எடுப்பார். வாயில வெச்சா கண்ணீர் மாதிரி கரிக்கணும், அதுக்கு மேல கரிச்சா தப்பு.

முடிவுக்கோட்டுல விழறவங்களைப் பத்திச் சொல்லிடறேன். பெரும்பாலும் அது திடீர்னு நின்னதால. கால்ல ரத்தம் தங்கிரும், தலை சுத்தும். படுக்க வெச்சு காலைத் தூக்கிப் பிடிச்சா ரெண்டு மூணு நிமிஷத்துல பேசுவார். அதனாலதான் கயிறு வழி முடிஞ்சதும் இன்னும் 30 மீ நடக்க வைக்கணும், நாற்காலியை டோக்கன் பக்கத்துல போடக் கூடாது.

வேற மாதிரி ஒண்ணு இருக்கு. ஆள் தள்ளாடறார், கேள்விக்குச் சம்பந்தமில்லாம பதில் சொல்றார், கோபப்படறார். வேர்த்து நனைஞ்சிருந்தாலும் அது வெப்பத்தாக்கமா இருக்கலாம். உள்வெப்பம் 40 டிகிரிக்கு மேல போயிருக்கும். 108-க்குக் கூப்பிடறதும் குளிர வைக்கறதும் ஒரே நேரத்துல. வண்டி வரட்டும்னு காத்திருக்கக் கூடாது. தொட்டி இல்லைன்னா தார்ப்பாய் போதும்: ஆளை நடுவுல படுக்க வெச்சு, நாலு அஞ்சு பேர் ஓரத்தைத் தூக்கிப் பிடிச்சு, ஐஸும் தண்ணியும் ஊத்தி அலசணும். தலை தூக்கியே இருக்கட்டும். ஒரு ஐஸ் பாளம் உடைச்சது, 10×12 அடி தார்ப்பாய், துண்டு பத்து. குழம்பிப் போனவர் வாயில தண்ணி ஊத்தாதீங்க, மூச்சுக்குழல்ல போயிரும். காய்ச்சல் மாத்திரை இதுக்கு வேலை செய்யாது. மார்ச் விடியலுக்கு இது நடக்க வாய்ப்பு குறைவு, ஆனா தார்ப்பாயும் ஐஸும் வண்டியில இருக்கணும்.

மூச்சுப் பேச்சு இல்லைன்னா நெஞ்சு அழுத்தம். நிமிஷத்துக்கு 100-லிருந்து 120, 5-லிருந்து 6 செமீ ஆழம், ரெண்டு நிமிஷத்துக்கு ஒருத்தர் மாறணும். இது தெரிஞ்சவங்க யார் யார்னு கை தூக்குங்க, ரெண்டு பேரை முடிவுக்கோட்டுலயும் ரெண்டு பேரைத் தண்ணி மேசையிலயும் போடலாம்.

கடைசி_ஆள்

கடைசி ஆள் கூடவே ஓடற பொறுப்பு எனக்கு. சுற்றுப் பாதையில "கடைசி ஆள்" யார்னு பார்த்தாத் தெரியாது, அதனால தொடக்கத்துல இருந்தே பின்னாடி நின்னு யாரையும் தாண்டாமப் போறதுதான் வழி. பாதியில விலகறவர் முடிவு மேசைக்கு வந்து அட்டையைக் கொடுத்துட்டுத்தான் வீட்டுக்குப் போகணும். தொடக்கத்துல 118 அட்டை போயிருந்தா, முடிச்சதும் விலகினதும் சேர்ந்து 118 வரணும். 117 வந்தா ஒருத்தர் எங்கேயோ உட்கார்ந்திருக்கார்னு நாங்க தேடிட்டு இருப்போம், அவர் வீட்டுல இட்லி சாப்பிட்டுட்டு இருப்பார்.

வடவள்ளி_வேகநடை

நடைப்பயிற்சிக்காரங்க விஷயம் யாரும் பேசலை. அவங்க தினமும் வர்றவங்க, நாம மாசம் ஒரு நாள். முந்தின ரெண்டு நாளும் அறிவிப்புப் பலகை வைக்கணும். ரெண்டு பேருக்கு மேல பக்கத்துல பக்கத்துல ஓடக் கூடாது. காதுக்குப் பின்னாடி வந்து "சைடு சைடு"ன்னு கத்தினா வயசானவங்க பயந்து குறுக்கே வந்திருவாங்க. பத்து மீட்டருக்கு முன்னாடியே மெதுவா "வலது பக்கம் வர்றேங்க"ன்னு சொன்னாப் போதும். நாய் துரத்தினா ஓடாதீங்க, நடங்க. ஓடறதைத்தான் அது துரத்துது.

கணவாய்க்_காத்து

ஏப்ரல்ல முன்பின் தொடக்கப் போட்டி ஒண்ணு வைக்கலாமே? மெதுவா ஓடறவர் முதல்ல கிளம்பணும், வேகமானவர் கடைசியில, எல்லாரும் ஒரே நேரத்துல முடிக்கணும். யார் எதிர்பார்த்ததை விட நல்லா ஓடறாரோ அவர் ஜெயிப்பார். ஜூனுக்குத் தள்ளினா பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஆரம்பிச்சிரும். சுற்றுல எதிர்காத்துல இழக்கறதைப் பின்காத்துல முழுசாத் திரும்பப் பெற முடியாது, எல்லார் கணக்கும் பொய்யாகும்.

சங்கிலி_அளவு

நல்ல யோசனை, ஆனா 5 கிமீ, ரெண்டே சுற்று. நாலு சுற்றுல வச்சா யார் எத்தனையாவது சுற்றுன்னு கடவுளுக்கும் தெரியாது. எதிர்பார்ப்பு நேரத்துக்கு மார்ச் 10 கிமீ முடிவையே எடுத்துக்கலாம். பீட் ரீகல் சூத்திரம்: தூரம் ரெட்டிப்பானா நேரம் 2.085 மடங்கு. 10 கிமீ 52:07 ஓடினவருக்கு 5 கிமீ 25:00. 62:33 ஓடினவருக்கு 30:00. பின்னவர் 5:45-க்குக் கிளம்பினா முன்னவர் 5:50-க்கு. நேரத்தை மறைச்சு மெதுவா ஓடி வெச்சுட்டு ஏப்ரல்ல பறக்கறவங்களுக்கு ஒரு விதி: எதிர்பார்ப்பை விட 5 சதவீதத்துக்கு மேல வேகமா வந்தா பரிசு இல்லை, கைதட்டு மட்டும்.

பீளமேடு_விடியல்

செவ்வாய்க்கிழமைத் தடப் பயிற்சி பத்தி ஒரு கேள்வி. மெதுவா ஓடறவங்க ஆறாவது வரிசையில (லேன்) ஓடணும்னு சொல்றாங்க. பத்து சுற்று ஓடினா 4 கிமீதானே?

சங்கிலி_அளவு

இல்லைங்க. வழக்கமான அளவுத் தடத்துல முதல் வரிசைதான் 400 மீ. ரெண்டாவது 407.04, ஆறாவது 437.7, எட்டாவது 453. ஆறாவதுல பத்து சுற்று 4,377 மீ. "இன்னைக்கு என்னமோ கால் ஓடலை"ன்னு நொந்துக்கறதுக்கு முன்னாடி எந்த வரிசைன்னு பாருங்க. முதல் வரிசை வேகமா ஓடறவங்களுக்கு; ஓய்வு நடை அங்கே நடக்கக் கூடாது, வெளியே வந்திரணும்.

ஒருங்கிணைப்பு_மேசை

சரிங்க, வேலையைப் பிரிச்சுக்கலாம். முந்தின வாரம் சனிக்கிழமை விடியல் 4 மணிக்கு டேப் அளவு: சங்கிலி_அளவு, ராமநாதபுரம்_சைக்கிள், கூட ஒருத்தர், போக்குவரத்தைப் பார்க்க பிரதிபலிப்புச் சட்டையோட ரெண்டு பேர். நேரம் ரெண்டு, டோக்கன் ரெண்டு, கயிறோரம் எழுத ஒருத்தர், பதிவு மேசை ரெண்டு, பேண்ட் நாலு, சுற்றுத்தாள் ரெண்டு, தண்ணி நாலு, கடைசி ஆள் ஒண்ணு. மொத்தம் 18. ஓடாம இருக்கத் தயாரா இருக்கறவங்க பேர் கொடுங்க; இந்த மாசம் நின்னவங்களுக்கு ஏப்ரல்ல பதிவுல முதலிடம்.

காவல் துறை அனுமதிக் கடிதமும் மாநகராட்சிக் கடிதமும் நகல் எடுத்து முடிவு மேசையில இருக்கும். மார்ச் நடுவுல சூரியன் ஆறரைக்குத்தான் வரும், முதல் முக்கால் மணி நேரம் தெருவிளக்குதான். வெள்ளை இல்லைன்னா வெளிர் நிறச் சட்டை போட்டு வாங்க.

முதலுதவிக்_கூடை

வாழைப்பழம்?

தண்ணி_கேன்

பூவன், 130. தோலுக்குத் தனிச் சாக்கு.

முடிவுக்கோடு

ஊக்கு யாரும் சொல்லலை. அட்டைக்கு நாலு, 480. ரெண்டு ஊக்குல குத்தினா காத்துல அட்டை மடிஞ்சு எண் மறைஞ்சிரும், அப்புறம் சுற்றுத்தாள்ல எழுதறவர் திட்டுவார். 500 வாங்கிருங்க.

ஒருங்கிணைப்பு_மேசை

வாங்கியாச்சு. இருட்டுல கீழே விழுந்தா தெரியாது, அதனால நாலு நாலா அட்டையிலயே குத்தி வெச்சிடறோம். வியாழக்கிழமை சாயங்காலம் குத்த நாலு பேர் வேணும்.

கடைசி_ஆள்

நான் வர்றேன்.